உவமையில் வந்த வழிப்போக்கர்

நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசரிடம் சொன்ன உவமையை நாம் அனைவரும் அறிவோம். ஒரு நகரில் செல்வர் ஒருவரும் ஏழை ஒருவரும் இருந்தனர். செல்வருக்கு ஆடுமாடுகள் ஏராளம். ஏழைக்கோ விலைகொடுத்து வாங்கிய ஓர் ஆட்டுக்குட்டி மட்டுமே. அதுவும் அவர் பிள்ளைகளோடு பிள்ளையாய் வளர்ந்தது. செல்வர் வீட்டிற்கு வழிப்போக்கர் ஒருவர் வருகிறார். தம் மந்தையில் கைவைக்க மனம் வராத செல்வர், ஏழையின் குட்டியைப் பறித்து விருந்து சமைக்கிறார். கேட்ட தாவீது கொதித்தெழுகிறார். அந்த மனிதர் நீரே என்கிறார் நாத்தான். தவக்காலம்தோறும் மறையுரைகளில் செல்வரைப் பற்றிப் பேசுகிறோம்; ஏழையைப் பற்றிப் பேசுகிறோம்; தாவீதின் மனமாற்றத்தைப் பற்றி நிறையவே பேசுகிறோம். அந்த வழிப்போக்கரைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. விவிலியமும் அவரை அப்படியே விட்டுவிடுகிறது. வந்தார், உண்டிருப்பார், போயிருப்பார். தமக்குப் பரிமாறப்பட்டது யாருடைய ஆடு என்று அவருக்குத் தெரியுமா? தெரியாமல் உண்டது குற்றமாகுமா? உண்ட பின் தெரியவந்தால் அவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர்?

இது ஏட்டுக் கேள்வியன்று. நமக்கு இது எழுந்த இடம் காரையாறு அணையின் கரை.

நம் பங்கின் மறைக்கல்வி மாணவரும் இளையோருமாக நாற்பது பேர், மழை ஓய்ந்த ஒரு தை மாதச் சனிக்கிழமையன்று பொதிகை மலைக்குச் சென்றிருந்தோம். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு இதனினும் எளிய உல்லாசப் பயணம் வேறில்லை. விக்கிரமசிங்கபுரம் தாண்டினால் பாபநாசம். அங்கே வனத்துறையின் சோதனைச் சாவடி. பைகளைத் திறந்து நெகிழிப் பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்பால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் காட்டுயிர்ச் சரணாலயங்களாயின. 1988-இல் இரண்டையும் இணைத்துத் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். சொரிமுத்து ஐயனார் கோவிலருகே ஆற்றில் இறங்கி முகம் கழுவினோம். ஆடி அமாவாசையில் இலட்சக்கணக்கில் கூட்டம் நிற்கும் அந்தப் படித்துறை, அன்று வெறிச்சோடிக் கிடந்தது. நாட்டு மருத்துவரின் பேரன் ஒருவன் வழியெல்லாம் மரங்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தான். பாதி சரியாக இருந்திருக்கும்.

காரையாறு என்று நாம் அழைக்கும் பாபநாசம் மேல் அணையின் நீர்மட்ட அளவு 143 அடி. 1940-களில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த அணை அது. அணை நிரம்பியிருக்கும்போது அந்த நீர்ப்பரப்பைப் பார்த்தவர் மறக்கமாட்டார்கள். மூன்று பக்கமும் மலை. மலையின் காடு நீரின் விளிம்புவரை இறங்கி நிற்கும். மேலே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் மலை மேகத்துக்குள் தலையைக் கொடுத்து நிற்கும். நாம் குருமட மாணவராயிருந்த 1990-களில் இந்த நீரின் மேல் படகு ஓடிற்று. படகில் ஏறி அக்கரையோரமாய்ச் சென்று இறங்கி, சிறிது தொலைவு நடந்து மேலேறினால் பாணதீர்த்தம் அருவி. இயந்திரத்தை நிறுத்தும்போது திடீரென்று வந்து கவியும் அமைதியை, அதற்கு முன்னும் பின்னும் எந்தத் தியான அறையிலும் நாம் உணர்ந்ததில்லை. அந்தப் படகுச் சவாரியைப் பின்னாளில் வனத்துறை நிறுத்திவிட்டது. ஆகவே நம் இளையோர் கரையில் நின்றே பார்த்தார்கள். கரையோரமாக அனுமதிக்கப்பட்ட தொலைவுவரை நடந்தார்கள். நிழலில் அமர்ந்து புளியோதரை உண்டார்கள்.

அப்போதுதான் எதிர்க்கரைப் பக்கம் நடுத்தர வயதுப் பெண்ணொருவர் அரிசி மூட்டையோடு புறப்பட்டுக்கொண்டிருந்தார். காணி இனத்தவர். அணைக்கு அப்பால் இஞ்சிக்குழி என்னும் அவர்களது குடியிருப்பு இருக்கிறது. நீரைக் கடந்து, பிறகு காட்டுவழியில் நெடுந்தொலைவு நடந்தால்தான் வீடு. நம்மோடு வந்த மாணவி ஒருத்தி, "பாதர், அவங்க மட்டும் அந்தப் பக்கம் போறாங்க, நாம ஏன் போகக் கூடாது?" என்று கேட்டாள். நாம் விடை சொல்லுமுன் அந்த அம்மையாரே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வேண்டுமானால் நீங்கள் அங்கே போய் இருங்கள், நான் உங்கள் ஊருக்குப் போகிறேன், என் மகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் பக்கம் என்ற பொருளில் ஏதோ சொன்னார். பிள்ளைகளும் சிரித்தார்கள். நமக்கோ அந்தச் சிரிப்பு நெடுநேரம் கரையவில்லை.

நாம் ஒரு நாள் நடந்து களிக்க விரும்பிய அதே வழி, அவருக்கு அரிசி சுமக்கும் வழி. நமக்கு அழகாய் இருப்பது அவருக்குத் தொலைவாய் இருக்கிறது. அந்த அழகு அழியாதிருக்க வேண்டுமென்று சாலை வேண்டாம், மின்கம்பி வேண்டாம், கட்டடம் வேண்டாம் என்கிறோம். அவ்வாறு விதிப்பது தவறென்று நாம் சொல்லவரவில்லை. அவசரப்பட்டு அந்த முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது.

ஏனென்றால் அந்தக் காடு இருப்பதால்தான் நாம் இருக்கிறோம். பெய்யும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து, கோடையிலும் கசியவிடுகிற சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மலைமேல் இருப்பதால்தான் தாமிரபரணி தமிழகத்தின் வற்றாத ஆறு என்று பெயர்பெற்றது. மலையில் பிறந்து தமிழ் மண்ணிலேயே கடலில் கலக்கும் ஆறு இது; அண்டை மாநிலத்திடம் நாம் கையேந்த வேண்டாத ஆறு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்னும் எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்களால் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகிறது. நெல்லை, தூத்துக்குடி நகரங்களின் குடிநீரும் இதுவே. நம் பங்குகளில் பாதிக்குமேல் இக்கால்வாய்களின் கரையில்தான் இருக்கின்றன. திருப்பலிக்கு நாம் கிண்ணத்தில் ஊற்றும் ஒரு துளி நீரும் அந்த மலையிலிருந்து வருவது. காட்டை அழித்துவிட்டுப் பின் அணைக்கட்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனவே காட்டைக் காக்க வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

கேள்வி அதுவன்று. காக்கும் செலவை யார் கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

அடிவாரத்துச் சிற்றூர்களில் தலைச்சுமை விறகு விற்றுக் குடும்பம் நடத்திய தாய்மார்களை நம்மில் வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். விடியுமுன் மலையேறி, பொழுதிறங்கும்போது கழுத்து நரம்பு புடைக்க இறங்கிவருவார்கள். காப்பகம் வந்தபின் அந்தப் பிழைப்பு நின்றது. 1990-களில் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று வந்தது. ஊர்தோறும் வனக்குழு அமைத்துக் கடனும் மாற்றுத் தொழிலும் கொடுத்தார்கள். அதனால் பலர் நிமிர்ந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கே செலவில் ஒரு பகுதியாவது ஈடுசெய்யப்பட்டது.

மாஞ்சோலையின் கதை வேறு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற 8,373 ஏக்கர் மலைக்காட்டில் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் தேயிலையும் காப்பியும் பயிரிட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலைமேல் ஊர்கள் எழுந்தன. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களும், அட்டைக்கடியிலும் குளிரிலும் கொழுந்து பறித்தவர்களும் சமவெளியிலிருந்து சென்ற ஏழைகள். மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே மணந்து, அங்கேயே அடக்கமானவர்கள். கோவில்களும் பள்ளிவாசலும் நம் ஆலயங்களும் அங்கே எழுந்தன. அவர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடி, சிறைப்பட்டோரை விடுவிக்கக் கோரி நெல்லை மாவட்ட ஆட்சியரிடம் மனுக்கொடுக்க ஊர்வலமாக வந்த நாள் 1999 ஜூலை 23. அன்று காவல்துறையின் தடியடிக்கு அஞ்சி ஆற்றில் இறங்கியவர்களில், பெண்களும் சிறு குழந்தையொன்றும் உட்படப் பதினேழு பேர் இறந்தனர். தாங்கள் காத்த மலையின் நீரிலேயே அவர்கள் மூழ்கினார்கள் என்று எழுதும்போது நம் கை தயங்குகிறது. ஆனால் அது நடந்தது.

குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்னரே, 2024-இல், நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை அனுப்பிவிட்டு வெளியேற முற்பட்டது. வழக்குகள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றன. நிலம் காட்டுக்குத் திரும்ப வேண்டியது என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. காட்டுயிர் அறிஞர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சிங்கவால் குரங்கு வாழும் தொடர்காட்டின் நடுவே அத்தோட்டங்கள் ஒரு பிளவு. குத்தகைக் கையெழுத்தில் தொழிலாளிக்குப் பங்கில்லை. காட்டை வெட்டச் சொன்னபோதும் அவரைக் கேட்கவில்லை. காட்டைத் திருப்பித் தரும்போதும் அவரைக் கேட்கவில்லை. இலாபம் வேறிடம் போயிற்று. இழப்பு மட்டும் மலையிறங்கி வந்தது.

இதே ஆற்றின் மறுமுனையையும் பாருங்கள். தாமிரபரணி புன்னைக்காயலருகே கடலில் கலக்கிறது. 1586-இல் அண்ட்ரிக் அடிகளார் அடியார் வரலாற்றைத் தமிழில் அச்சேற்றிய ஊர் என்று நம் வாசகர்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அங்கிருந்து வடக்கே, தூத்துக்குடி தொடங்கி இராமேசுவரம்வரை விரியும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். தூய சவேரியார் 1542-இல் வந்திறங்கிய காலத்திலும் அக்கடல்தான் பரதவரின் வயல். தீவில் இறங்கி வலை உலர்த்தியவர், தீவைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி சேகரித்த தாய்மார்கள், அனைவருக்கும் ஒருநாள் கோடு கிழிக்கப்பட்டது. உல்லாசமாய்ப் படகேறிச் சென்று கரையையும் பவளத்தையும் பார்த்துவர விரும்பும் நம்மைப் போன்றோருக்கும், அங்கே பசிக்காக மூழ்கும் பெண்ணுக்கும் ஒரே அறிவிப்புப் பலகை. பலகையின் எழுத்து ஒன்றே. அது எடுத்துக்கொள்வது ஒன்றன்று. நம்மிடமிருந்து அது ஒரு விடுமுறை நாளை எடுக்கிறது; அவரிடமிருந்து அடுப்பை எடுக்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏழை என்பதனாலேயே ஒருவர் செய்வதெல்லாம் சரியாகிவிடாது. அத்தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்து விற்றவர்களில் நம் மக்களும் உண்டு. 2001-இல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அதன் பிறகும், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட பிறகுமே அது ஓய்ந்தது. அதற்குள் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வேலியை இழந்த தோட்டம்போல் வான் தீவும் கரைந்து சுருங்கியது. வெட்டியவர் கைக்கு வந்தது கூலி. வாங்கிய ஆலைகளுக்குப் போனது பெரும்பொருள். எனினும் வெட்டிய கை வெட்டிய கைதான். ஆகவே மண்ணின் மக்கள் எப்போதும் காவலர், அரசு எப்போதும் பகைவர் என்று எளிதாய் எழுதிவிட நம்மால் முடியாது. அவ்வாறு எழுதும் கட்டுரைகளை இப்போது அதிகம் காண்கிறோம். அவை ஏழையைப் புகழ்கின்றனவே தவிர அவரோடு பேசுவதாகத் தெரியவில்லை.

மீண்டும் வழிப்போக்கரிடம் வருவோம். குருமடத்தில் நீதியைப் பற்றிய பாடத்தில் ஒரு பழைய வழக்கைப் படித்தோம். பிறர் பொருளை, பிறருடையது என்று அறியாமல், நல்லெண்ணத்தோடு வைத்திருப்பவரின் கடமை என்ன? அறியாமல் பயன்படுத்தித் தீர்த்துவிட்டால் அவர் திருடரல்லர். தீர்ந்துபோனதை அவர் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் அதனால் அவர் எந்த அளவுக்குச் செல்வராயினாரோ, அதாவது அவர் கைப்பொருள் எந்த அளவு மிச்சமாயிற்றோ, அந்த அளவை உரியவருக்கு ஈடுசெய்ய வேண்டும். பொருளில் ஏதேனும் எஞ்சியிருந்தால், உண்மை தெரிந்த நொடியிலிருந்து அது அவருடையதன்று. நம் வழிப்போக்கருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், அவர் உண்டு முடித்த கறிக்குக் குற்றவாளியல்லர். அன்றைய உணவுச் செலவு அவருக்கு மிச்சம். அது அந்த ஏழைக்கு உரியது. தட்டில் இன்னும் கறி இருக்கும்போதே உண்மை தெரியவந்தால் அவர் கையை எடுத்துவிட வேண்டும்.

அப்படியானால் நாம் யார்? ஒரு நாள் காரையாற்றுக்குச் சென்று வந்த நாற்பது பேரா விருந்தினர்? அல்லர். உண்மையான விருந்தினர் ஆண்டு முழுவதும் பந்தியில் அமர்ந்திருக்கும் சமவெளி முழுவதும். கார், பிசானம் என்று இருபோகம் அறுக்கும் நிலக்கிழாரும், குழாயைத் திறக்கும் நகரத்தாரும், அந்நீரால் இயங்கும் ஆலைகளும் அதில் அடக்கம். இந்த விருந்து முடிந்துபோனதன்று. தட்டில் இன்னும் இருக்கிறது. "தெரியாது" என்ற சொல்லுக்கும் அறநெறி இயல் இரண்டு பொருள் சொல்கிறது. வெல்ல முடியாத அறியாமை மன்னிக்கத்தக்கது. கேட்டால் தெரிந்துவிடும் என்ற நிலையில் கேளாதிருப்பதோ வெல்லத்தக்க அறியாமை. அது பொறுப்பைக் குறைக்கலாம், நீக்காது. மாஞ்சோலைச் செய்தி ஒவ்வொரு நாளும் நாளிதழில் வந்தபோது, அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனவருக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

பொது நன்மைக்காகச் சிலர் இழக்கத்தான் வேண்டும் என்று சிலர் வாதிடுவர். கேட்பதற்கு இது விவேகமாய்த் தோன்றும். தூய தாமஸ் அக்குவினாஸ் இந்த இடத்தில் நமக்குத் துணைவருகிறார். ஒரு சட்டம் நீதியானதாயிருக்க மூன்று வேண்டும் என்கிறார் அவர். அதன் நோக்கம் பொது நன்மையாய் இருக்க வேண்டும்; அதை இயற்றுபவர் தம் அதிகார எல்லைக்குள் இயற்ற வேண்டும்; அதன் சுமைகள் மக்கள்மேல் அவரவர் தகவுக்கேற்பப் பங்கிடப்பட வேண்டும். மூன்றாவது தவறினால், நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும் சட்டம் நீதி தவறியதே என்பது அவர் முடிவு. ஆகவே பொது நன்மை என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடாது, அங்கேதான் தொடங்குகிறது. 86,000 ஏக்கருக்கும் பயன் தரும் ஒரு காவலின் சுமையைச் சில நூறு குடும்பங்களும், நீருக்கு அப்பால் வாழும் சில காணிக் குடியிருப்புகளும் மட்டுமே சுமப்பது எந்தத் தகவின்படி? 2015-இல் வெளியான 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் மண்ணின் துயரையும் ஏழையின் துயரையும் பிரிக்காமல் பேசினார். பிரித்துப் பேசுவோர் இரு பக்கமும் இருக்கிறார்கள் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

தாவீதின் வாழ்வில் இன்னொரு காட்சி உண்டு. நாத்தானின் உவமையைவிடக் குறைவாகவே நாம் அதை வாசிக்கிறோம். நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, எபூசியரான அரவுனாவின் போரடிக்கும் களத்தில் ஆண்டவருக்குப் பலிபீடம் எழுப்பும்படி அரசருக்குச் சொல்லப்படுகிறது. கொள்ளைநோய் நிற்பது எல்லாருக்கும் நன்மை. இதைவிடப் பெரிய பொது நன்மை உண்டா? அரவுனாவும் தாராள மனத்தர். களம், மாடுகள், விறகுக்குப் போரடிக்கும் உருளை, நுகத்தடி எல்லாவற்றையும் இலவசமாய் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். தாவீது மறுத்துவிடுகிறார். தமக்குச் செலவில்லாத பலியைத் தம் கடவுளுக்குச் செலுத்த அவர் இசையவில்லை. ஐம்பது வெள்ளிக்காசு கொடுத்து வாங்கியே பலியிடுகிறார். ஏழையின் ஆட்டைப் பறித்தவராக நாத்தான்முன் நின்றவர் இவரே என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஐம்பது வெள்ளியின் எடை நமக்குப் புரியும். அரவுனா அந்நியர், தோற்ற இனத்தவர். அரசன் கேட்டால் மறுக்க முடியாத நிலையில் இருந்தவர். அப்படிப்பட்டவர் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதை முழு இசைவாக எண்ணிக்கொள்ளலாமா? விருப்ப ஓய்வு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அரவுனா நினைவுக்கு வருகிறார்.

விலை கொடுப்பது என்றால் என்ன? இரக்கம் விலையாகாது. நிவாரணப் பொட்டலமும் விலையாகாது. வீடு, நிலம், பிள்ளைகளின் படிப்பு, தெரிந்த தொழிலுக்கு மாற்றான ஒரு தொழில் ஆகியவற்றை உரிமையாக எழுதித் தருவது விலை. காட்டை அறிந்த கைகளுக்கே காட்டைக் காக்கும் வேலையை நிரந்தரமாகத் தருவது விலை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காணிகளைப் போன்ற பழங்குடியினருக்குத் தர ஒப்புக்கொண்டதைத் தாமதமின்றித் தருவது விலை. இவை அரசின் பொறுப்பு என்று நாம் ஒதுங்கிவிடலாம். ஆனால் அரசின் கையில் இருப்பது நம் வரியும் நம் வாக்குமே. தண்ணீர்க் கட்டணம் சிறிது உயர்ந்தால் தெருவில் இறங்கும் நாம், அது மலையில் இழந்தவருக்குப் போகிறது என்று சொன்னால் தர ஆயத்தமா? நம் பங்குப் பேரவையில் இதைக் கேட்டோம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு விவசாயி, "கணக்கு ஒழுங்கா இருந்தா தரலாம் சாமி" என்றார். நேர்மையான விடை அது.

அந்த வழியில் வேறுவிதமாய்ச் சென்றவர்களும் உண்டு. 2021-இல் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. இஞ்சிக்குழியில் வாழும் நூறு வயது கடந்த காணி மூதாட்டி ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் முதியோர் உதவித்தொகையைச் சேர்ப்பிக்க, அஞ்சல்காரர் ஒருவர் அணையைக் கடந்து காட்டுவழியே நடந்து சென்று வந்தார். ஒரு நாள் முழுவதும் அதற்கே செலவாகும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாராம். படகும் நடையும் காடும் மலையும் நம் இளையோர் ஆசைப்பட்ட அதே பயணந்தான். அவரும் அந்த அழகைப் பார்த்திருப்பார். பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. உதவித்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார், அவ்வளவே.

நம் பங்கில் நாலுமுக்கில் பிறந்து வளர்ந்த ஒரு முதியவர் இருக்கிறார். தோட்டத்தில் நாற்பது ஆண்டு உழைத்தவர். இப்போது மகன் வீட்டில், தகரக் கூரையின் கீழ் வெயில் தாளாமல் துன்புறுகிறார். காரையாற்றுப் பயணத்திற்குச் சில வாரங்களுக்குப் பின், மலையைப் பற்றி இளையோரிடம் பேசும்படி அவரை அழைத்தோம். கொழுந்து பறிப்பது, அட்டைக்குப் புகையிலை தேய்ப்பது, யானை வந்த இரவுகள் என்று உற்சாகமாய்ப் பேசினார். கொழுந்தில் எந்த இலை வரை கிள்ளலாம் என்பதை வெறும் விரலால் காட்டினார். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். முடிவில் அவர்தாம் நம்மிடம் ஒன்று கேட்டார். "சாமி, எங்க அம்மை அப்பன் ரெண்டு பேரும் மேலதான் அடக்கம். வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிச்சு மெழுகுதிரி ஏத்துவோம். இனிமே நான் போகணும்னாலும் டூரிஸ்ட்டு மாதிரி செக்போஸ்ட்டுல சீட்டு வாங்கணுமா?"

மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு மேலேறும் வெளியூரார் வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். அது நல்ல விதி. அந்த விதி அவரை எந்த வரிசையில் நிறுத்துகிறது என்பதே அவர் கேட்டது. இளையோரில் ஒருவன் உடனே எழுந்து, நவம்பர் 2-ஆம் நாளுக்கு அவருக்கும் அவரைப் போன்ற மற்றக் குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரு விண்ணப்பம் எழுதுவோம் என்றான். அன்றிரவே எழுதினார்கள். சுற்றுலா என்ற சொல் வராமல் எழுத வேண்டுமென்று நான்கு முறை அடித்துத் திருத்தினார்கள். பங்கின் முத்திரையிட்டு அனுப்பியிருக்கிறோம். நம் மறைமாவட்டத்தில் மலையிலிருந்து இறங்கிய குடும்பங்களைக் கொண்ட பங்குகள் இன்னும் பல உள்ளன. அப்பங்குத்தந்தையரும் பெயர்களைத் திரட்டித் தந்தால் விண்ணப்பங்களை ஒன்றாகக் கொடுக்கலாம். அடுத்த ஆண்டும் இளையோரைப் பொதிகைக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். அந்த முதியவரோடு அமரும் மாலையைப் பயணத்திற்கு முந்திய ஞாயிறன்று வைத்திருக்கிறோம்.